கோடு போட்ட பிறகு வைத்த பொட்டு

சென்ற மாதம் சதீஷ் ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது அவன்தான் ஃபோர்மேன். படத்தில் ஒரு செல்போன் திரை. அதில் ‘பிரேக்: சரி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை டிக். கூடவே அவன் குரல்: “அக்கா, பட்டறைய வாங்கின கம்பெனிக்காரங்க இனிமே பிரேக் ஷீட் கிடையாதுன்னுட்டாங்க. கோடு, கையெழுத்து எதுவும் வேணாமாம். இத ஒரு தட்டு தட்டிட்டா வண்டி வெளிய போயிடலாம். அந்த ஷீட் எதுக்கு வெச்சிருந்தோம்னு நீங்க எழுதிக் குடுங்கக்கா. புதுசா வந்தவங்ககிட்ட காட்டணும்.”

எழுதித் தருகிறேன். ஆனால் பொறுமையாக, பதவிசாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பச்சை டிக்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் எஸ்தர். செம்பாக்கத்தில் வீடு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கார் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் பிரேக் வேலை மட்டும் பார்த்து ஓய்வு பெற்றவள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில் டிரம் கழுவுவது, லைனிங் தேய்ப்பது, கிழிந்த ரப்பர் மாற்றுவது என்று நான்கு வருடம் ஓடியது. “பொம்பள போட்ட பிரேக்கா?” என்று கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்கள் பேச்சை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. பிறகு எல்லோருக்கும் நான் ‘பிரேக் அக்கா’ ஆகிவிட்டேன்.

ஷீட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் கோதண்டம் சார். குள்ளமான மனிதர். காலையில் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு வருவார். மத்தியானத்துக்குள் வேர்வையில் பாதி கரைந்திருக்கும். சத்தம் போட்டுப் பேச மாட்டார். வேலை பிடித்திருந்தால் “சரி” என்பார். பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்ல மாட்டார். கழற்றிய ஸ்பேனரை எடுத்து நம் கையிலேயே திரும்பக் கொடுப்பார். அதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் பிரேக் பார்க்கும் முறை இது. பட்டறைக்குப் பின்னால் ஒரு நேரான சாலை. அதில் ஒரு மின்கம்பம். வண்டி நாற்பதில் வர வேண்டும், கம்பத்துக்கு நேராக வந்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே, வேலை பார்த்தவர் கம்பத்திலிருந்து எட்டு வைத்து அளந்து, வண்டி எங்கே நிற்கும் என்று நினைக்கிறாரோ அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். சார் வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். வெறுங்காலில் மிதித்தால்தான் பெடல் எங்கே இறுகுகிறது என்று தெரியும் என்பார். வேலை பார்த்தவர் இடது சீட்டில் உட்கார வேண்டும். சார் ஸ்டியரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு ஓட்டுவார். வண்டி எந்தப் பக்கமாவது இழுத்தால் அப்போதே தெரிந்துவிடும். கோட்டைத் தாண்டினாலும், பக்கவாட்டில் இழுத்தாலும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான். கோட்டுக்குள் நேராக நின்றால் ஷீட்டில் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரமும் எழுத வேண்டும்.

நேரம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

“கோடு போட்ட அந்த நேரத்துல வண்டி நின்னுச்சு. அவ்ளோதான் நீ சொல்ற சாட்சி,” என்றார். “அதுக்கப்புறம் எவனாச்சும் வீல்ல கை வெச்சான்னு வையி, கோடு அழிஞ்சு பூட்ச்சு. மறுபடியும் போடணும். அது நானா இருந்தாலும் சரி, முதலாளியா இருந்தாலும் சரி.”

அதை அவர் செய்தும் காட்டினார். ஒரு டாக்ஸிக்காரர் புது டிரம் போட்ட வண்டியை எடுக்க வந்தவர், பக்தியோடு நான்கு சக்கரத்திலும் கை விட்டு, டிரம் மேலேயே குங்குமத்தை அப்பிவிட்டார். கோதண்டம் சார் துணியை எடுத்துக்கொண்டு போய்க் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்தார். டாக்ஸிக்காரருக்கு முகம் மாறியது. சார் கடைசியில் துணியிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் நாமத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டார். “சாமிக்கு முன்கண்ணாடி போதும்பா. வீலு என்னோட டிபார்ட்மெண்டு,” என்றார். டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டார். பிறகு சார் எங்களை மறுபடியும் கோடு போடச் சொன்னார்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கோதண்டம் சார் ஓய்வு பெற்றுப் போன பிறகு, பழைய முதலாளியின் மகன் முரளி பட்டறையைக் கையில் எடுத்தார். அவர் காலத்தில்தான் இந்த என்ஜின் மாற்றும் மோகம் வந்தது. சின்ன காரில் பெரிய என்ஜின். வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்று கேட்பார்கள். நூறிலிருந்து நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. சைலன்சர் சத்தத்துக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசுவார்கள். பிரேக் என்று நான் வாயைத் திறந்தால் செல்போனைப் பார்ப்பார்கள். டிரம்மின் மேலே டிஸ்க் மாதிரி தெரிய ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடி விற்கிறது, தெரியுமா? அதை வாங்கி மாட்டச் சொல்லி என்னிடமே நீட்டியிருக்கிறார்கள். எவ்வளவு துணிச்சல்!

ஊரப்பாக்கத்திலிருந்து வந்த பிரசன்னா அப்படிப்பட்ட ஆள் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. பழைய சின்ன கார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து ஒரு என்ஜினை எடுத்து மாட்ட வேண்டும் என்றார். ஆர்.டி.ஓ. அனுமதிக் காகிதமெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். என்ஜின் வேலை முடிந்ததும் முரளி என்னைக் கூப்பிட்டு, பேட் மட்டும் மாற்றிக் கொடுத்துவிடச் சொன்னார்.

“பேட் மட்டுமா? முன்ன இருந்தத விட ரெட்டிப்பு சக்தி. முன்பக்கம் எடையும் கூடிப் போச்சு. இந்த டிஸ்க் தட்டு மாதிரி இருக்கு, ரெண்டு தடவ அமுத்தினா கொதிச்சுப் போயிடும்,” என்றேன்.

“அக்கா, கஸ்டமர் என்ஜினுக்குத்தான் வந்தாரு. பிரேக்க அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்.”

“அதுவரைக்கும் கால வெளிய நீட்டித் தரையில தேய்ச்சு நிறுத்துவாரா?”

எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். பிரசன்னாவின் மனைவி வித்யா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நேராக என்னிடம் வந்தார். “மேடம், எனக்கு இந்த என்ஜின்லயே இஷ்டம் இல்ல. இவர் கேக்கல. நீங்க சொல்ற வேலைய எல்லாம் செஞ்சா இது நிக்குமா?”

“நிக்கும்மா. நிக்கலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப நீங்க கையெழுத்துப் போட்டாதான் நான் ஏறுவேன்,” என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். பிரசன்னா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். முரளிக்கு வேறு வழியில்லை.

அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் என் வேலையைத்தான் குற்றம் சொன்னார்கள். பெரிய காரிலிருந்து முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும், நடுவே காற்று போகும் தடித்த டிஸ்க்கையும், அதன் மேல் பேட்டை அழுத்தும் பெரிய காலிப்பரையும் எடுத்து மாட்டினேன். பழைய சக்கரம் காலிப்பரில் இடித்தது. ஒரு அங்குலம் பெரிய அலாய் சக்கரம் போட வைத்தேன். பெரிய காலிப்பருக்கு அதிக பிரேக் ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தள்ளாது, பெடல் தரைக்குப் போகும். ஆகவே மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் மாற்றினேன். பின்னாலும் டிஸ்க் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று பிரசன்னா ஆசைப்பட்டார். முடியாது என்றேன். மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் வந்து பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்துக்குப் பெரிய பிரேக் போட்டால் அது சட்டென்று இறுகி, மழையில் வண்டி பின்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். பின் டிரம் அப்படியே இருக்கட்டும் என்று புது லைனிங் மட்டும் போட்டேன். பிரேக் ஆயிலில் காற்றுக் குமிழ் நிற்காமல் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தேன். புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும் என்று இரண்டு நாள் காலையில் நானே ஓட்டி, மெதுவாக மிதித்து, ஆறவிட்டு, மறுபடியும் மிதித்து முப்பது தடவை நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பின்பக்கச் சாலை காலியாக இருந்தது. கம்பத்திலிருந்து பதினோரு எட்டு வைத்துக் கோடு போட்டேன். சதீஷ் ஓட்டினான், நான் இடது சீட்டில். மூன்று தடவையும் கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே, ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது. ஏழு நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். கோதண்டம் சார் இருந்திருந்தால் “சரி” என்றிருப்பார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்ப் பூஜை போட வேண்டும் என்பது பிரசன்னா வீட்டார் ஏற்பாடு. புது என்ஜின் என்றால் புது வண்டி மாதிரிதானே. ஒன்பதரை மணிக்கு மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வந்தது. நான் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது முரளி வண்டியின் வலது பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கிண்ணம். சந்தனமும் குங்குமமும் காய்ந்தால் இரும்பில் நிற்காது, உதிர்ந்துவிடும் என்று நல்லெண்ணெயில் குழைத்து வைத்திருந்தார். அலாய் சக்கரத்தின் இடைவெளி வழியே விரலை விட்டு, பளபளவென்று இருந்த புது டிஸ்க்கின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். பட்டறையின் இணையப் பக்கத்தில் போட ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் வலது பக்கத்திலிருந்து எடுத்ததால் அந்தப் பக்கம்தான் பெரிய பொட்டு. இடது பக்கம் பேருக்கு ஒரு புள்ளி.

நான் பார்த்தேன். மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். என் கையில் துணி இருந்தது.

டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாக எல்லோரிடமும் கத்தியதே அதைத்தானே? கோடு அழிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கழுத்தில் சிலுவை. வண்டியைச் சுற்றி மாலையும் கற்பூரமுமாக ஒரு குடும்பமே கைகூப்பி நிற்கிறது. பிரசன்னாவின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். இந்த நேரத்தில் நான் போய்ச் சாமிப் பொட்டைத் துடைத்தால் என்ன நினைப்பார்கள்? ‘வேற மதத்துக்காரி, அதான்’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்? முப்பது வருடமாக ஆயுத பூஜைக்கு முதல் ஆளாக நின்று பொரி வாங்கித் தின்றவள் நான். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்லிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு சின்னப் பொட்டுதானே, நாலு தடவை மிதித்தால் தேய்ந்துவிடும் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, பத்து மணி பத்து நிமிடத்துக்கு வண்டி வெளியே போனது. வித்யா இடது சீட்டில் இருந்தார். ஜன்னல் வழியாக எனக்குக் கையசைத்தார்.

ஊரப்பாக்கம் வரைக்கும் நெரிசல். ஊர்ந்து போகும் வண்டிக்கு எந்த பிரேக்கும் போதும். அந்த மெதுவான மிதியில் எண்ணெய் வட்டமாகப் பரவி, வலது பேட் முழுக்க ஊறிவிட்டது. ஊரப்பாக்கம் தாண்டியதும் நெரிசல் விட்டது, பிரசன்னா புது என்ஜினை ஒரு மிதி மிதித்திருக்கிறார். முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. பிரேக்கை அழுத்தினார். இடது சக்கரம் பிடித்தது, வலது சக்கரம் பிடிக்கவில்லை. வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஓரத்தில் நின்றிருந்த லாரியின் பின்மூலையில் மோதியது. பிரசன்னாவுக்குக் கையில் சிராய்ப்பு. வித்யாவின் இடது முழங்கால் நொறுங்கிவிட்டது.

மறுநாளே முரளி என் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறார். “பிரேக் வேலை முழுக்க அவங்கதான் சார். கையெழுத்தப் பாருங்க.” நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது வருடம் வேலை பார்த்தவள் தலையில் இரண்டு நிமிடத்தில் பழியைக் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

வண்டியைப் பரிசோதிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் வந்த அன்று நானும் போனேன். தன் கண் முன்னாலேயே சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். இடது பேட் சாம்பல் நிறத்தில் ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. வலது பேட் கறுத்து, கண்ணாடி மாதிரி மினுங்கியது. டிஸ்க்கின் உள்விளிம்பில் இன்னும் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் பேட்டை மூக்கருகே கொண்டுபோனார். “என்னம்மா இது, இட்லிப் பொடிக்கு ஊத்துற எண்ணெய் வாசன வருது?” என்றார். பார்த்ததை அப்படியே எழுதிக்கொண்டார். என் வேலையில் குறை இல்லை என்றும் எழுதினார்.

பட்டறைக்குத் திரும்பி வந்து முரளியைக் கேட்டேன். “உங்க படத்துக்காக ஒரு பொண்ணோட கால் போச்சே, இப்ப திருப்தியா?”

முரளி கண் சிமிட்டாமல் என்னைப் பார்த்தார். “பொட்டு வைக்கறப்ப நீங்க பக்கத்துலதானக்கா நின்னீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

அந்த ஆளுக்கு அதைக் கேட்கும் யோக்கியதை இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். அடுத்த வாரமே பட்டறையில், “பாத்தியா, சாமிப் பொட்டு மேலயே பழியப் போட்டுட்டா, அவங்க ஆளுங்க அப்படித்தான்,” என்று ஒருவர் பேசியது என் காதில் விழுந்தது. எந்த வார்த்தைக்குப் பயந்து வாயை மூடினேனோ, அந்த வார்த்தை எப்படியும் வந்தது. வந்து என்ன ஆகிவிட்டது? ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பயந்துதானா ஒருத்தியின் காலைக் கொடுத்தேன்?

துடைத்த குங்குமத்தைக் கோதண்டம் சார் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொண்டிருக்கலாம். என் ஆண்டவர் அதற்காக என்னைக் கோபித்திருக்க மாட்டார். அந்த யோசனை எனக்கு மூன்று நாள் கழித்து வந்தது.

மூன்று மாதம் கழித்து ஊரப்பாக்கத்துக்கு வித்யாவைப் பார்க்கப் போனேன். இரண்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கரும்பலகை முன்னால் நிற்க முடியாததால் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றார். நான் எதையும் மறைக்கவில்லை. பொட்டு வைத்ததைப் பார்த்தேன், கையில் துணி இருந்தது, துடைக்கவில்லை என்று சொன்னேன்.

“ஏன் மேடம்?”

“நான் கிறிஸ்தவப் பொண்ணு. பூஜை நேரத்துல துடைச்சா நீங்க தப்பா நெனப்பீங்கன்னு...”

அவர் பேனாவை மூடி வைத்தார். “உங்க கையெழுத்தப் பாத்துட்டுதானே நான் ஏறினேன்? அஞ்சடி தள்ளி நின்னுட்டிருந்தேனே மேடம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் தேவலை. நான் நினைத்ததெல்லாம் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும் என்றுதான். அந்தக் குடும்பத்தில் ஒருத்தி, இந்த வண்டி நிற்குமா என்று என்னிடமே வந்து கேட்டவள், பக்கத்திலேயே நின்றாள் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சதீஷ், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த ஷீட்டில் கையெழுத்தை விடப் பெரியது பக்கத்தில் எழுதும் நேரம். ஏழு நாற்பதுக்கு அந்த வண்டி கோட்டில் நின்றது. பத்து பத்துக்கு யாரும் கோடு போடவில்லை. உன் பச்சை டிக்கில் அந்த இரண்டரை மணி நேரம் எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களைக் கேள். பதில் சொல்லும்வரை தட்டாதே. வேலை போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். ஒரு வார்த்தைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவள் எப்படி இருக்கிறாள் என்று என்னை வந்து பார்.

அன்று ஊரப்பாக்கத்தில் நான் கிளம்பும்போது வித்யா எழுந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்தார். எட்டு வைத்து எட்டு வைத்து அளந்தே பழகிய புத்தி, என்னையறியாமல் எண்ணிவிட்டேன். நாற்காலியிலிருந்து வாசலுக்குப் பதினோரு எட்டு. நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.